கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் முதல் தடவையா கேக்கப் போறீங்களா? இடது கையில இருந்து ஆரம்பிங்க

வெஸ்டர்ன் கிளாசிக்கல்ல தனி பியானோ கேக்கணும், எங்க ஆரம்பிக்கறதுன்னு யாராவது கேட்டா நான் சொல்றது ஒரே ஒரு பதிவுதான். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதின கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், வாசிச்சது கனடா நாட்டு பியானோக்காரர் க்ளென் கூல்ட், 1955 பதிவு. மொத்தமே முப்பத்தெட்டரை நிமிஷம், ஒரு குழம்பு வெச்சு இறக்கற நேரம். ஆனா இத நானே முதல்ல நாலஞ்சு தடவை பாதியில நிறுத்தியிருக்கேன். ஆரம்பத்துல வர்ற பாட்டு ரொம்ப அழகா இருக்கும், அப்புறம் அந்தப் பாட்டு எங்க போச்சுன்னே தெரியாது, ஏதோ வேகமா ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது, பத்தாவது நிமிஷம் கை தானா ஃபோன எடுத்து வேற எதையோ நோண்ட ஆரம்பிச்சிடும். தப்பு பாக் மேலயும் இல்ல கூல்ட் மேலயும் இல்ல, நான் கேட்ட இடம் தப்பு. மேல வலது கையில ராகத்த தேடிட்டு இருந்தேன், விஷயம் பூரா கீழ இடது கையில நடந்துட்டு இருந்துச்சு. அத ஒரு நாள் புரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் நானா கண்டுபிடிச்ச ஒரு வழி இருக்கு, அத வரிசையா சொல்றேன். ஒரே நாள்ல முடிக்க வேண்டியது இல்ல, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கோங்க.

முதல்ல சின்னதா ஒரு அறிமுகம், இது இல்லாம புரியாது. பாக் இத 1741ல அச்சுல போட்டாரு, ஜெர்மனில நியூரம்பெர்க்ல. எழுதினது பியானோவுக்கு இல்ல, ஹார்ப்சிகார்டுக்கு, அதாவது கம்பிய சுத்தியலால அடிக்காம மீட்டற மாதிரி சத்தம் வர்ற பழைய கீபோர்டு வாத்தியம், அதுலயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கட்டை வரிசை இருக்கறது. முதல்ல ஏரியான்னு ஒரு பாட்டு, அதுக்கப்புறம் முப்பது வேரியேஷன், அதாவது மாத்து உருவம், கடைசில அதே ஏரியா மறுபடியும். ஆக மொத்தம் 32 துண்டு. கோல்ட்பர்க்ங்கறது ஒரு பையன் பேரு. தூக்கம் வராத ஒரு பிரபு இருந்தாரு, அவருக்கு ராத்திரில வாசிச்சுக் காட்ட இந்தப் பையன் இருந்தான், அதுக்காக பாக் எழுதிக் கொடுத்தாருன்னு ஃபோர்கெல்னு ஒருத்தர் 1802ல எழுதின பாக் வாழ்க்கை வரலாறுல ஒரு கதை இருக்கு. தங்கக் கோப்பை நிறைய தங்கக் காசு சன்மானம்னு வேற வரும். கதை நல்லாதான் இருக்கு, ஆனா அச்சான புத்தகத்துல அந்தப் பிரபுவுக்கு சமர்ப்பணம்னு ஒரு வரி கூட இல்ல, அந்தப் பையனுக்கு அப்ப 14 வயசுதான், அதனால ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பேர் இத நம்பறதில்ல. தூங்க வெக்கற மியூசிக்னு நினைச்சு ராத்திரி படுக்கும்போது போட்டீங்கன்னா அஞ்சாவது வேரியேஷன்ல தூக்கிவாரிப் போடும், சொல்லிட்டேன்.

சரி, முதல் வேலை, சரியான பதிவ புடிக்கறது. இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க, ஏன்னா கூல்டே இத ஸ்டுடியோல ரெண்டு தடவை பதிவு பண்ணியிருக்காரு, 1955ல ஒண்ணு, 1981ல ஒண்ணு, ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டும் நியூயார்க்ல அதே 30வது தெரு ஸ்டுடியோ, முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம் அது. ஸ்ட்ரீமிங் ஆப்ல தேடினா அட்டைப்படம் பத்து விதமா வரும், வருஷம்னு போட்டிருக்கறது மறுபடி ரிலீஸ் பண்ண வருஷமா இருக்கும், அத நம்பாதீங்க. நேரத்தப் பாருங்க. முதல் டிராக், ஏரியா, ஒண்ணே முக்கால் ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா அது 1955. மூணு நிமிஷம் சொச்சம் இருந்தா 1981. மொத்த நேரம் 38 நிமிஷமா 51 நிமிஷமான்னும் பாத்துக்கலாம். இது ரெண்டும் இல்லாம நடுவுல ஏதாவது வந்தா அது அவரு மேடையில வாசிச்சப்ப எடுத்ததா இருக்கலாம், 1959ல சால்ஸ்பர்க்ல வாசிச்சது ஒண்ணு இருக்கு, அது நல்லதுதான் ஆனா இப்ப வேண்டாம். ரெண்டு ஸ்டுடியோ பதிவையும் சேத்து 2002ல ஒரு செட்டா போட்டாங்க, அது கிடைச்சா தேடற வேலை மிச்சம்.

அடுத்து செட்டிங்ஸ். ஷஃபிள ஆஃப் பண்ணுங்க. சிரிக்காதீங்க, நான் ஒரு மாசம் ஷஃபிள்ல கேட்டுட்டு என்னடா இது கோர்வையே இல்லையேன்னு திட்டிட்டு இருந்தேன். கிராஸ்ஃபேடுன்னு ஒரு பாட்டு முடியறப்ப அடுத்தது மேல வந்து விழற வசதி இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க, ஏன்னா ஒரு வேரியேஷன் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள விடற இடைவெளியையும் சேத்துதான் இவரு வாசிக்கறாரு. விளம்பரம் வர்ற இலவசக் கணக்குல கேக்கறவங்களுக்கு என் அனுதாபங்கள், இருபத்தஞ்சாவது வேரியேஷன் முடிஞ்ச உடனே நகைக்கடை விளம்பரம் வந்தா அந்தக் கோவம் ரெண்டு நாள் இருக்கும். இன்னொரு குழப்பம் டிராக் நம்பர். முதல் டிராக் ஏரியாங்கறதால முதல் வேரியேஷன் ரெண்டாவது டிராக்ல இருக்கும், 25வது வேரியேஷன் 26வது டிராக்ல. எப்பவும் ஒண்ணு கூட்டிக்கோங்க. நான் கீழ சொல்றதெல்லாம் வேரியேஷன் நம்பர்தான்.

ஹெட்போன் போட்டு கேக்கறது நல்லது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பின்னாடி யாரோ முனகுற மாதிரி கேக்கும். உங்க ஹெட்போன் கெட்டுப் போகல. அது கூல்டேதான், வாசிக்கும்போது கூடவே பாடற பழக்கம் அவருக்கு, யாரு சொல்லியும் நிறுத்த முடியல. நான் முதல் தடவை பக்கத்து ரூம்ல யாரோன்னு எழுந்து போய் பாத்துட்டு வந்தேன். கூடவே அப்பப்ப கிறீச்னு ஒரு நாற்காலிச் சத்தம் கேட்டா அதுவும் அவர் வாசிச்சதுல சேர்த்திதான். அவங்க அப்பா கால வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்த ஒரு மடக்கு நாற்காலி, தரையில இருந்து வெறும் 14 இன்ச் உயரம், உலகம் பூரா அதையே தூக்கிட்டு போனாரு கடைசி வரைக்கும். 1955 ஜூன் மாசம் நியூயார்க் வெயில்ல கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு, குடிக்கறதுக்கு சொந்தத் தண்ணி பாட்டில், மாத்திரை டப்பாங்க, இந்த நாற்காலின்னு ஸ்டுடியோவுக்குள்ள வந்தாரு, அப்ப அவருக்கு வயசு 22. வாசிக்கறதுக்கு முன்னாடி கைய சுடுதண்ணில ஊற வெப்பாரு. 1955 பதிவு மோனோ, அதாவது ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்தான், இடது வலதுன்னு பிரிஞ்சு கேக்கலையேன்னு கவலைப்படாதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். முதல் நாள் ஏரியா மட்டும் போடுங்க. வேற எதுவும் வேண்டாம். ரெண்டு நிமிஷம், திரும்பத் திரும்ப பத்து தடவை. முதல் ரெண்டு தடவை சாதாரணமா கேளுங்க, வலது கை ராகம் காதுல பதிஞ்சுடும், அது போதும், அதுக்கப்புறம் அத விட்டுடுங்க. மூணாவது தடவைல இருந்து கீழ, கனமான பக்கம், இடது கை என்ன சொல்லுதுன்னு மட்டும் கேளுங்க. இளையராஜா பாட்டுல பாடற குரல விட்டுட்டு பேஸ் கிட்டார மட்டும் பின்தொடர்ந்து கேட்டு பழகினவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. அவரே பாக்கோட வயலின் துண்டு ஒண்ண எடுத்து 1986ல வந்த ஹவ் டு நேம் இட் ஆல்பத்துல விளையாடியிருக்காருங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால இந்த ஊருக்கு நமக்கு வழி தெரியாம இல்ல.

கீழ வர்ற சுரம் என்னன்னா, சங்கராபரணத்துல பாடிப் பாருங்க: ஸ நி த ப, அப்புறம் க ம ப ஸ. எட்டு சுரம், தாளத்துக்கு மூணு அடின்னு எண்ணிக்கிட்டீங்கன்னா ஒவ்வொரு மூணு அடிக்கும் ஒரு சுரம். ஸ-வுல இருந்து படி படியா இறங்குது, ப-ல நிக்குது, க-வுக்கு குதிச்சு மறுபடி ஏறி ஸ-வுக்கு வந்து உக்காருது. மூணு அடி சேந்தா ஒரு அளவு, இதுதான் முதல் எட்டு அளவு. இந்த மாதிரி மொத்தம் 32 அளவு, பாதி பாதியா 16ம் 16ம். முதல் பாதி முடியறப்ப பஞ்சமத்துல போய் நிக்கும், ரெண்டாவது பாதி கொஞ்சம் இருட்டுப் பக்கம் சுத்திட்டு வீட்டுக்கு வந்துடும். அவ்வளவுதான். முப்பது வேரியேஷனும் வலது கைப் பாட்டோட மாத்து உருவம் இல்ல, இந்தக் கீழ் வரிசையோட மாத்து உருவம். ஏரியாவோட ராகம் கடைசி டிராக் வரைக்கும் திரும்பி வரவே வராது! இத யாரும் சொல்லாததாலதான் நான் வருஷக்கணக்கா தொலைஞ்சு போனேன், நம்ம ஊர் பல்லவி மாதிரி அந்த வரி திரும்பித் திரும்பி வரும்னு காத்துட்டு இருந்தேன். பாக்குக்கு இந்த எட்டு சுரம் மேல எவ்வளவு மோகம்னா, 1970கள்ல அவரோட சொந்த அச்சுப் பிரதி ஒண்ணு ஸ்ட்ராஸ்பர்க்ல கிடைச்சப்ப அதோட கடைசிப் பக்கத்துல இதே எட்டு சுரத்த வெச்சு இன்னும் 14 கேனன் (ஒரு குரல இன்னொரு குரல் துரத்தற வகை, கீழ சொல்றேன்) கையால எழுதி வெச்சிருந்தாரு. முப்பது பத்தல.

ஃபோன்ல ஏதாவது கீபோர்டு ஆப் இருந்தா அதுல ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, பி, சி, டி, ஜின்னு ஒவ்வொண்ணா அமுக்கி காதுல ஏத்திக்கோங்க. பியானோ தெரிய வேண்டியதே இல்ல, ஒரு விரல் போதும்.

ரெண்டாவது நாள், ஏரியாவும் முதல் ரெண்டு வேரியேஷனும். முதல் வேரியேஷன் முக்கால் நிமிஷத்துல பறந்துடும், யாரோ கதவ உதைச்சுத் திறந்த மாதிரி இருக்கும், ஆனா அந்த ஓட்டத்துக்குள்ளயும் ஸ நி த ப இருக்கு, தேடுங்க. சில இடத்துல சுரத்துக்கு நடுவுல குட்டி சுரம் நிறைய போட்டு மறைச்சிருப்பாரு, சில இடத்துல கீழ இருக்க வேண்டியது நடுவுல போயிடும். எல்லாத்தையும் புடிக்கணும்னு இல்ல, பத்துல நாலு காதுல பட்டாலே போதும், தரை எங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் மேல எவ்வளவு ஆட்டம் போட்டாலும் பயம் இருக்காது.

மூணாவது நாள் கேனன். மூணு, ஆறு, ஒன்பது, பன்னெண்டுன்னு மூணால வகுபடற நம்பர் எல்லாம் 27 வரைக்கும் கேனன். அதாவது ஒரு குரல் பாட ஆரம்பிச்சா அது முடிக்கறதுக்குள்ளயே இன்னொரு குரல் அதே வரிய பின்னாடியே பாடிட்டு வரும், பஜனைல முன்னாடி பாடறவரு வரி முடிக்கறதுக்குள்ளயே அவசரப்பட்டு பின்பாட்டு ஆரம்பிச்சா எப்படி இருக்கும், ஆனா ரெண்டும் இடிக்காம பொருந்தினா எப்படி இருக்கும், அப்படி. மூணாவதுல ரெண்டு குரலும் ஒரே சுரத்துல ஆரம்பிக்கும், ஆறாவதுல பின்னாடி வர்றது ஒரு சுரம் தள்ளி, ஒன்பதாவதுல இன்னும் ஒண்ணு தள்ளி, இப்படியே தூரம் கூடிக்கிட்டே போகும். 12லயும் 15லயும் பின்னாடி வர்ற குரல் தலைகீழா பாடும், முதல் குரல் ஏறினா இது இறங்கும். இதெல்லாம் கணக்கு, தெரிஞ்சா சுவாரஸ்யம், தெரியலேன்னா ஒரு நஷ்டமும் இல்ல. மூணாவது வேரியேஷன ஒரு தடவை நிதானமா கேட்டு ரெண்டு குரல் துரத்திக்கிட்டு போறது புரிஞ்சா போதும், மத்ததுக்கு காது தானா பழகிடும்.

அஞ்சு, பதினாலு, இருபது, இருபத்தாறு இதெல்லாம் கை தாண்டற வகை. ரெண்டு வரிசை கட்டை இருக்கற ஹார்ப்சிகார்டுக்கு எழுதினத ஒரே வரிசை இருக்கற பியானோல வாசிக்கறப்ப ரெண்டு கையும் ஒரே இடத்துக்கு சண்டை போடும், ஒரு கை மேல ஏறி இன்னொண்ணு கீழ பூந்து போகணும். அஞ்சாவத கூல்ட் நாப்பது நொடிக்குள்ள முடிச்சுடுவாரு. இதுல பேஸ, அதாவது அந்தக் கீழ் வரிசைய, தேடாதீங்க, தேடறதுக்குள்ள முடிஞ்சுடும், சும்மா வாய பொளந்து கேளுங்க.

நாலாவது நாள் 15ம் 16ம் சேத்து. இந்த ரெண்டையும் எப்பவும் பிரிக்காதீங்க. 15தான் முதல் தடவையா சங்கராபரண வெளிச்சம் போய் ஜி மைனருக்கு மாறற இடம், கீரவாணி பக்கம் வாசம் அடிக்கும்னு வெச்சுக்கோங்க. மெதுவா, தயங்கித் தயங்கி போயிட்டு கடைசில மேல் குரல் மட்டும் தனியா ஏறி அந்தரத்துல நின்னுடும், முடிஞ்சுச்சா இல்லையான்னே தெரியாது. சரியா பாதி வழி இது. அடுத்து 16 டமார்னு பல சுரத்த ஒரே நேரத்துல அமுக்கற ஒரு பெரிய கார்டோட திரை தூக்கும், ராஜா வர்றதுக்கு முன்னாடி கட்டியம் கூறற மாதிரி. இந்த ஒரு மாற்றத்துக்காகவே கிராஸ்ஃபேட ஆஃப் பண்ணச் சொன்னேன்.

அஞ்சாவது நாள் 25 மட்டும். ராத்திரி, வீடு அடங்கினதுக்கு அப்புறம். ஆறு நிமிஷம் போகும், மத்ததெல்லாம் ஒரு நிமிஷம் ஒண்ணரை நிமிஷம்னு இருக்கறப்ப இது ஒண்ணே மொத்தப் பதிவுல ஆறுல ஒரு பங்கு. இதையும் ஜி மைனர்லதான் எழுதியிருக்காரு. ஹார்ப்சிகார்ட் மேதை வாண்டா லாண்டோவ்ஸ்கா இத கறுப்பு முத்துன்னு சொல்லுவாங்க. கீழ அதே ஸ நி த ப இறங்குது, ஆனா நடுவுல எல்லா அரைச் சுரத்தையும் மிதிச்சுக்கிட்டு இறங்குது, படிக்கட்டுல கண்ணு தெரியாம கால வெச்சு வெச்சு இறங்கற மாதிரி. இதப் பத்தி அதிகம் சொல்ல எனக்குப் பிடிக்கல, கேட்டுக்கோங்க.

ஆறாவது நாள் 26ல இருந்து கடைசி வரை நிறுத்தாம. 26 ஓடும், 27 ரெண்டே குரல், கேனன்லயே இதுல மட்டும்தான் அடியில தாங்கற பேஸ் தனியா கிடையாது, அதனால ஏதோ தரை இல்லாம நடக்கற மாதிரி இருந்தா உங்க காது சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். 28ல ட்ரில், அதாவது பக்கத்துப் பக்கத்து ரெண்டு சுரத்த வேகமா மாத்தி மாத்தி வாசிக்கறது, ஜிலுஜிலுன்னு கொட்டும், 29ல ரெண்டு கையும் மாத்தி மாத்தி மேளம் மாதிரி அடிக்கும். கணக்குப்படி 30வது இன்னொரு கேனனா இருக்கணும், பாக் அங்க ஒரு குறும்பு பண்ணியிருக்காரு. ரெண்டு நாட்டுப்பாட்ட எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அதே பேஸ் மேல உக்கார வெச்சுட்டாரு. ஒண்ணு உன்ன பாத்து ரொம்ப நாளாச்சு பக்கத்துல வான்னு கூப்பிடற பாட்டு. இன்னொண்ணு என்னன்னா, முட்டைக்கோசும் முள்ளங்கி மாதிரி கிழங்கும் போட்டு என்ன விரட்டிட்டாங்க, எங்க அம்மா கறி சமைச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன்னு ஒரு பாட்டு! பாக் குடும்பத்துல எல்லாரும் ஒண்ணு கூடினா இப்படி பாட்டு மேல பாட்டு போட்டு கலாட்டா பண்ணி சிரிப்பாங்களாம், அதையும் அந்த ஃபோர்கெல்தான் எழுதி வெச்சிருக்காரு. இவ்வளவு பெரிய கட்டடத்தோட உச்சில கொண்டு போய் ஹாஸ்டல் மெஸ்ஸ திட்டற மாதிரி ஒரு பாட்ட வெச்ச ஆளு. அது முடிஞ்சதும் ஏரியா திரும்ப வரும், ஒரு சுரம் கூட மாத்தல, ஆனா இப்ப உங்களுக்கு வேற மாதிரி கேக்கும், ஏன்னா இந்தத் தடவை இடது கை சொல்றது உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது நாள்தான் முழுசா 38 நிமிஷம். நடுவுல ஃபோன் வந்தா எடுத்துடுங்க பரவாயில்ல, அப்புறம் விட்ட இடத்துல இருந்து கேட்டா போச்சு.

இதுக்கப்புறம் 1981க்கு போங்க, அவசரப்பட்டு முன்னாடியே போகாதீங்க. கூல்ட் 1964ல, 31 வயசுல, மேடைக் கச்சேரியே வேண்டாம்னு விட்டுட்டாரு, அதுக்கப்புறம் ஸ்டுடியோ மட்டும்தான். ஏற்கனவே வாசிச்சத மறுபடி பதிவு பண்றது அவருக்கு வழக்கம் இல்ல, ஆனா இதுக்கு 26 வருஷம் கழிச்சு திரும்பி வந்தாரு. பழைய பதிவுல முப்பது துண்டும் முப்பது பக்கம் இழுக்குது, எல்லாத்துக்கும் அடியில ஒரே நாடித்துடிப்பு ஓடணும்னு நினைச்சாரு. அதனால 1981ல ஒரு வேரியேஷனோட வேகத்துக்கும் அடுத்ததோட வேகத்துக்கும் கணக்கு இருக்கும், பாதி, ரெண்டு மடங்கு, ஒண்ணரைங்கற மாதிரி, காலத்த மாத்தி வாசிக்கறது நமக்கு புதுசு இல்லையே, தொடையில தட்டிக்கிட்டே கேட்டா ஒரு துண்டுல இருந்து அடுத்ததுக்கு தட்டு அறுபடாம போறது தெரியும். ஏரியாவ ரெண்டுலயும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. 1955ல ஒரு அளவுக்கு மூணரை நொடி, 1981ல கிட்டத்தட்ட ஆறு நொடி. அதே சுரம்தான், 22 வயசுப் பையன் படியில குதிச்சு இறங்கறான், 48 வயசுக்காரர் ஒவ்வொரு படியா நின்னு பாத்துட்டு இறங்கறாரு. இத புரூனோ மோன்செஞ்சோன் படமும் புடிச்சிருக்காரு, அந்தக் குட்டை நாற்காலியில மூக்கு கட்டைல இடிக்கற அளவுக்கு உக்காந்திருப்பாரு, ஒரு கை சும்மா இருந்தா அந்தக் கையாலயே தனக்குத் தானே கண்டக்ட் பண்ணிக்குவாரு, ஒரு தடவையாவது பாத்துடுங்க. இந்தப் பதிவு 1982 செப்டம்பர்ல வெளியாச்சு. அக்டோபர் 4ஆம் தேதி பக்கவாதத்துல இறந்துட்டாரு, ஐம்பது வயசு முடிஞ்சு ஒன்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. டொரண்டோல அவரோட கல்லறைக் கல்லுல ஏரியாவோட முதல் சில அளவுகள சுரக்குறிப்பா செதுக்கியிருக்காங்க.

ரெண்டுல எது சிறந்ததுன்னு கேட்டா கேக்கறவங்கள பொறுத்துன்னு நழுவ மாட்டேன், ஆரம்பிக்கறவங்களுக்கு 1955, அதுல சந்தேகமே வேண்டாம், தூக்கம் வராம தடுக்கற சந்தோஷம் அதுலதான் இருக்கு. என் சொந்தக் காதுக்கு இப்பல்லாம் 1981.

கூல்டோட நிறுத்திடாதீங்க. இவரு வேகமும் வெடுக்குத்தனமும்தான் பாக்குன்னு நினைச்சுட்டா மத்தவங்க வாசிக்கறது சோம்பலா தெரியும், அது அவங்க தப்பு இல்ல. ஒவ்வொரு பாதியையும் ரெண்டு தடவை வாசிக்கணும்னு பாக் குறிச்சிருக்காரு, கூல்ட் 1955ல அத எல்லாத்தையும் விட்டுட்டாரு, 1981ல கொஞ்சத்துக்கு மட்டும் வாசிச்சாரு. முர்ரே பெராயா, ஆண்ட்ராஷ் ஷிஃப் மாதிரி பியானோக்காரங்க திருப்பி வாசிக்கறதால ஒரு மணி நேரத்துக்கு மேல போகும், ரெண்டாவது தடவை வர்றப்ப குட்டி அலங்காரம் எல்லாம் சேப்பாங்க, அத கவனிக்கறது தனி சுகம். காசு செலவு பண்ணாம, சட்டப்படி, டவுன்லோட் பண்ணி வெச்சுக்கணும்னா கிமிகோ இஷிசாகா வாசிச்ச பதிவு இருக்கு, 2012ல மக்கள் கிட்ட பணம் திரட்டி பதிவு பண்ணி, உரிமையே இல்லாம யாரு வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல விட்டுட்டாங்க, ஓப்பன் கோல்ட்பர்க்னு தேடினா வரும், நோட்ஸும், அதாவது சுரக்குறிப்பும், கூடவே இலவசம். வாசிக்கத் தெரியாட்டியும் அந்த நோட்ஸ ஸ்க்ரீன்ல ஓட விட்டு கீழ் வரிய மட்டும் கண்ணால பின்தொடர்ந்து பாருங்க.

அப்புறம் அந்த கீபோர்டு ஆப். கூல்டோட 1981 ஏரியாவ போட்டுட்டு, ஒரு விரலால ஜி, எஃப் ஷார்ப், ஈ, டின்னு கூடவே அமுக்கிட்டு வாங்க, ஒரு அளவுக்கு ஒண்ணு, ஆறு நொடி இருக்கு, அவசரமே இல்ல. 1955ல இத பண்ண முயற்சி பண்ணாதீங்க, அவரு உங்களுக்காக காத்திருக்க மாட்டாரு.